சத்தம் அடுத்த ஸ்பிரிண்டில்

அந்த ஆபீசுக்கு ஸ்க்ரம் என்கிற புது வேலைமுறை வந்த அன்று முதல் வேலையாக வெளியே போனவை நாற்காலிகள்.

கூட்ட அறையில் கிடந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். இனி தினமும் காலையில் கூட்டம் நின்றபடிதான் நடக்கும் என்றார்கள். "உக்காந்தா பேச்சு நீளும். நின்னா கால் வலிக்கும். கால் வலிச்சா பேச்சு குறையும்" என்று விளக்கினார் அதைச் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருந்த கோச். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கோச்சுக்குக் கால் வலிப்பதே இல்லை என்கிற விஷயம் அப்போது யாருக்கும் தெரியாது. உட்கார்ந்து அரை மணியில் முடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை, மறுநாளிலிருந்து நின்றுகொண்டே மதியச் சாப்பாடு வரை நடத்தினார்கள்.

கம்பெனி செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான அழைப்பு மணி. கட்டிலின் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். நோயாளி அதை அமுக்கினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். எந்தக் கட்டில் என்று திரையில் எண் வரும். அவ்வளவுதான் வியாபாரம்.

அந்த மணிக்கு மென்பொருள் எழுதுகிறவரை ஆபீசில் எல்லோரும் நிதானம் என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பிரிவு மட்டும் உபயோகித்தது. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் கிணற்றில் இறங்கினவர் மாதிரி உள்ளே போய்விடுவார். மேலே வரும்போது வாளியில் தண்ணீரோடுதான் வருவார். இத்தனை வருஷமாக யாரும் அவரை நடுக்கிணற்றில் நிறுத்தி "இப்போ எத்தனாவது படியில இருக்கீங்க?" என்று கேட்டதில்லை.

தொடக்க விழாவில் எம்.டி. பேசினார்.

"பக்கத்துக் கம்பெனிக்காரன் ஸ்க்ரம் வெச்சிருக்கான். நாளைக்கு நாலு பேர் நம்மளைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அதனால வெச்சாச்சு. இனிமே இந்தக் கம்பெனியில மேலதிகாரின்னு யாரும் கிடையாது. எல்லாத்தையும் டீமே முடிவெடுக்கும். இது என் உத்தரவு. புது மணி எப்ப தயாராகும்னு டீமே சொல்லட்டும். மாசக் கடைசின்னு ஆஸ்பத்திரிக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அதுக்குள்ள எப்பங்கறதை நீங்க சுதந்திரமா முடிவு பண்ணிக்கங்க."

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் கோச்.

பிறகு சுவரில் பெரிய பலகை வந்தது. பலகையில் நான்கு கட்டங்கள். அப்புறம், செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது. ஒவ்வொரு வேலையையும் ஒரு மஞ்சள் கார்டில் எழுதி ஒட்ட வேண்டும். கார்டு இடமிருந்து வலமாக நகர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஓர் ஓட்டம். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஓர் ஓட்டம் முடிந்த மறுநாள் அடுத்த ஓட்டம். நடுவில் மூச்சு வாங்குவது எப்போது என்று நிதானம் கேட்டார். அதையும் ஒரு கார்டில் எழுதி 'அப்புறம்' கட்டத்தில் ஒட்டச் சொன்னார் கோச்.

மணிக்கு 'ஓனர்' என்று ஒரு பெண்ணை நியமித்தார்கள். எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் முழு அதிகாரம் அவளுக்கு. எதைக் கேட்டாலும் "எம்.டி.கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். ஒரே வாரத்தில் அவளுக்குக் கேட்டுச்சொல்றேன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

தினமும் காலையில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப்போகிறீர்கள், ஏதாவது தடை உண்டா?

நிதானத்தின் கையில் இருந்தது மணியின் சத்தம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் இரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் அமுக்கினால், பின்னவருடைய சத்தத்தை முன்னவருடைய சத்தம் விழுங்கிவிடக் கூடாது. பின்னவருக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொண்டால்? அதற்கு வழி தேடித்தான் அவர் கிணற்றில் இறங்கியிருந்தார்.

"நேத்து சத்தத்தைப் பார்த்தேன். இன்னைக்கும் சத்தத்தைத்தான் பார்க்கப்போறேன். தடை ஒண்ணும் இல்ல" என்றார் முதல் நாள். கோச் புன்னகைத்தார்.

மறுநாளும் அதையே சொன்னார். புன்னகை பாதியானது. அதற்கு மறுநாள் கோச் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெல்லத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற இளைஞன், எந்நேரமும் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதால் ஹெட்ஃபோன் என்றே பெயர் வாங்கியவன், "பொத்தானோட நீலத்தை இளநீலமா மாத்தினேன்" என்று சொல்லிக் கார்டை நகர்த்தினான். அறை முழுக்கக் கைதட்டல்.

நிதானத்துக்குக் காது சுட்டது. வயது நாற்பத்தேழு. வீட்டுப்பாடம் எழுதாமல் பெஞ்சுமேல் ஏறி நின்ற நாளுக்குப் பிறகு அவருக்கு இப்படி ஒரு காதுச் சூடு வந்ததில்லை. ஒருநாள் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சத்தத்தின் பருமனை அளக்க ஒரு கூட்டம் நடந்தது. ஆளுக்கொரு எண் எழுதின சீட்டுக்கட்டு கொடுத்தார்கள். வேலையை நாள் கணக்கில் சொல்லக்கூடாது, பாயிண்டில் சொல்ல வேண்டும். ஒரு பாயிண்ட் என்றால் எத்தனை நாள் என்று கேட்பது அநாகரிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்டினார்கள். நிதானம் காட்டியது பதின்மூன்று. மற்ற எல்லோரும் காட்டியது ஒன்று.

"சத்தம்தானே சார்? என் போன்லயே எவ்ளோ சத்தம் இருக்கு தெரியுமா?" என்றான் ஹெட்ஃபோன்.

ஜனநாயக முறைப்படி சத்தம் ஒரு பாயிண்ட் என்று முடிவானது.

அன்று கோச் அவரைத் தனியாக அழைத்துப்போனார். உட்கார இடமில்லாததால் படிக்கட்டில் நின்று பேசினார்கள்.

"சார், நீங்க நல்ல வேலைக்காரர். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்க கார்டு நகர மாட்டேங்குது."

"வேலை நடக்குது கோச்."

"நடந்தா போதாது சார். நகரணும். உங்களால டீமோட வேகத்தைக் காட்டற கிராஃபே தரையில ஊர்ந்து போகுது. பசங்க என்கிட்ட வந்து வருத்தப்படறாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"கார்டு பெரிசா இருக்கு. நறுக்குங்க."

"மணியை எப்படி நறுக்கறது?"

"வெங்காயம் மாதிரி! பொத்தான் அமுங்கறது ஒரு கார்டு. விரலை எடுத்தா மேல வர்றது ஒரு கார்டு. விளக்கு எரியறது ஒண்ணு, பச்சையா எரியறது ஒண்ணு, அணையாம எரியறது ஒண்ணு. திரையில எண் வர்றது ஒண்ணு. தினம் ஒண்ணு முடியும். தினம் கைதட்டல்."

"சத்தம்?"

"அதை 'அப்புறம்' கட்டத்துல வைங்க. அடுத்த ஸ்பிரிண்ட்ல பார்த்துக்கலாம்."

நிதானம் நறுக்கினார். மறுநாள் காலை "பொத்தான் அமுங்குது" என்று சொல்லி ஒரு கார்டை 'முடிந்தது' கட்டத்துக்கு நகர்த்தினார். கைதட்டினார்கள். அதற்கு மறுநாள் "அமுங்கின பொத்தான் மேல வருது" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காதுச் சூடு தணிந்திருந்தது. இரவு தூக்கமும் வந்தது. வெட்கத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

ஸ்பிரிண்ட் முடிவில் அவர் தலையில் தங்க நிறக் காகிதக் கிரீடம் வைத்துப் படம் எடுத்தார்கள். 'இந்த ஓட்டத்தின் நாயகன்' என்று அதில் எழுதியிருந்தது. கிரீடத்தை யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடப் பைக்குள் வைத்தார். வீட்டில் மனைவி கண்டெடுத்து ஃபிரிட்ஜ்மேல் நிறுத்தி வைத்தாள். அந்த வாரம் பார்க்க வந்த மாமனார் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு மாதிரி முதுகு. சிரிப்புக்கும் பாராட்டுக்கும் சிக்கனம். "மாப்ளே, இதெல்லாம் சும்மா தர மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய பட்டயம்.

மாசக் கடைசியில் டெமோ. செய்த பொருளை வாங்குகிறவர் முன்னால் இயக்கிக் காட்டுவதற்கு அந்தப் பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வந்திருந்தார். அவர் உள்ளே நுழைவதற்கு முன் கோச் நிதானத்தின் காதருகில் குனிந்தார்.

"சார், விளக்கு எரியும்போது உங்க போன்ல 'டிங்'னு ஒரு சத்தம் வரவையுங்க. மேஜைக்கு அடியில வெச்சுக்கங்க."

"அது பொய்யில்ல?"

"சேச்சே! அது அடையாளத்துக்கு. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி. சத்தம் வரப்போற இடத்துல ஒரு சத்தத்தைப் போட்டு வைக்கறோம். அவ்வளவுதான்."

ஹெட்ஃபோன் பொத்தானை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எண் வந்தது. மேஜைக்கு அடியில் நிதானத்தின் கட்டைவிரல் அசைந்தது. டிங்.

"நல்லா இருக்கே! பழைய மணி காதைக் கிழிக்கும். இது சாதுவா இருக்கு" என்று தலைமை நர்ஸ் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

எம்.டி. நெகிழ்ந்துபோனார். "நாம மணி செய்யற கம்பெனின்னு ஊர் நினைச்சுக்கிட்டிருக்கு. இல்ல! நாம வேகம் செய்யற கம்பெனி. மணி அதுல தானா வர்றது."

அடுத்த ஸ்பிரிண்டுக்கான கூட்டத்தில் நிதானம் முதல் ஆளாகச் சத்தத்தின் கார்டை எடுத்தார். ஆஸ்பத்திரியில் மணியை மாட்டியாகிவிட்டது, சத்தம் இன்னும் இல்லை, இதைத்தான் முதலில் செய்யவேண்டும் என்றார்.

கேட்டுச்சொல்றேன் கேட்டுவந்து சொன்னாள். "சத்தம் இல்லன்னு ஒரு புகார்கூட வரலையாம் சார். புகார் வராததுக்கு வேலை செய்ய வேணாம்னு எம்.டி. சொல்லிட்டார்."

"நோயாளி புகார் சொல்லணும்னா நர்ஸைக் கூப்பிடணும். கூப்பிடறதுக்குத்தாம்மா அந்த மணி."

"அதையும் கேட்டுச் சொல்றேன் சார்."

அந்த ஸ்பிரிண்டில் பொத்தானின் ஓரங்களை வளைவாக மாற்றும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. சத்தம் 'அப்புறம்' கட்டத்திலேயே தங்கியது. அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நிதானம் எண்ணைக்கூட அழுத்தினார். ஆனால் அந்த டிங் பற்றியும் சொல்லவேண்டி வருமே என்று வைத்துவிட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் அது தவறு. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் மோசடி. ஒவ்வொரு நாளும் வாய் இன்னும் கொஞ்சம் கனமானது.

இந்த நேரத்தில்தான் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

"உங்க மணி வெச்ச ஆஸ்பத்திரியிலயே சேர்த்துடலாங்க. அப்பாவுக்கும் பெருமையா இருக்கும்" என்றாள் மனைவி.

நிதானம் வாயைத் திறந்தார். "சரி" என்ற சொல்தான் வெளியே வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. மாமனார் வார்டில் நடுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் தலைமாட்டுப் பொத்தானைக் காட்டினார். "இது என் மாப்பிள்ளை செஞ்சது. இதுக்காகக் கிரீடம் வெச்சாங்க." எதிர்க்கட்டில்காரர், "நான் அமுக்கினா யாரும் வரலையே" என்றதற்கு, "ஒழுங்கா அமுக்கணும். விரல்ல பலம் வேணும்" என்று அதட்டிவிட்டார். நர்சுகளுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த மாதம் வந்த நோயாளிகள் எல்லோரும் ரொம்பப் பொறுமைசாலிகள், முன்பு மாதிரி நச்சரிப்பதில்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். திரையின் மூலையில் எண்கள் வந்து வந்து நின்றன. உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த நர்சுக்கு நேரம்?

நிதானம் லீவு போட்டார். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாமனார் தண்ணீர் என்று நினைப்பதற்கு முன் தம்ளரை நீட்டினார். முகம் சுளித்தால் நர்ஸைத் தேடி ஓடினார். அந்தப் பொத்தானை மாமனார் தொடவே தேவைப்படக் கூடாது. அதுதான் அவர் கணக்கு.

வார்டே அசந்துபோனது. "பெத்த புள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான்" என்றார் எதிர்க்கட்டில்காரரின் மனைவி. "இப்படி ஒரு மனுஷன்னு எனக்கே தெரியாமப்போச்சே" என்று மனைவி கண் கலங்கினாள். ஒவ்வொரு பாராட்டும் நிதானத்தின் முதுகில் சூடு வைத்த மாதிரி இறங்கியது.

சில நாள் கழித்து ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. ரெட்ரோ. அதாவது, முடிந்த ஓட்டத்தைத் திரும்பிப் பார்த்து மனம்விட்டுப் பேசும் கூட்டம். வராதவர்களுக்கு மனம் இல்லை என்று பொருள். மனைவி மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். நடுவில் கொஞ்ச நேரம்தானே என்று நிதானம் கிளம்பினார்.

கூட்ட அறை வாசலில் ஒரு கூடை. எல்லோரும் போனை அதில் போட வேண்டும். "இந்த ஸ்பிரிண்டை ஒரு பறவையா நினைச்சா, அது என்ன பறவை?" என்று கேட்டார் கோச்.

ஹெட்ஃபோன் கழுகு என்றான். கேட்டுச்சொல்றேன் தயங்கினாள். நிதானத்துக்கு நாக்கு நுனியில் கோழி என்று வந்தது. முட்டை போடாமலே கொக்கரிக்கிற கோழி. கோச்சின் முகத்தைப் பார்த்தார்.

"கிளி" என்றார்.

"அருமை! ஏன் கிளி?"

"சொன்னதைச் சொல்லும்."

கோச் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு பச்சைத் தாளில் எழுதி ஒட்டினார். கூடையில் ஏதோ ஒரு போன் வெகுநேரமாக அதிர்ந்துகொண்டிருந்தது. கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது அது அவருடைய போன். அழைத்திருந்தது மனைவி.

வார்டுக்கு ஓடினார். மாமனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். மேலே புது விரிப்பு. மனைவி ஈரத்துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் தரையைத் துடைத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தலைமாட்டுலயே மணி இருக்குல்ல ஐயா? ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா பெட்பேனோட ஓடி வந்திருப்போமே."

"அமுக்கல. மறந்துட்டேன்" என்றார் மாமனார் சுவரிடம்.

"மறக்கலாமா? அதுவும் உங்க மாப்பிள்ளை செஞ்ச மணி!"

"வயசாச்சுல்லம்மா."

அந்த மனிதர் தனக்கு வயதாகிவிட்டதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு பையோடு குழாயடிக்குப் போனாள். நர்ஸும் போனாள்.

தலையணையைச் சரிசெய்யக் குனிந்த நிதானம் அப்படியே நின்றுவிட்டார். தலையணைக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால்தான் அது எரியும். நர்ஸ் வந்து அணைக்கும்வரை அணையாது. பச்சையாக எரிவதற்கு ஒரு கார்டு. அணையாமல் எரிவதற்கு ஒரு கார்டு. இரண்டுக்கும் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"மாமா..."

"அதை அணைச்சிடுங்க மாப்ளே. யாராவது பார்த்துடப்போறாங்க."

நிதானம் அணைத்தார்.

"எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"அமுக்கின விரலை எடுக்கவே இல்ல."

"வாயால கூப்பிட்டிருக்கலாமே மாமா. உங்க குரலுக்கு அடுத்த தெருவே திரும்பிப் பார்க்குமே."

"கத்தினா மணிக்கு என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல? காலையிலகூட இந்த வார்டு முழுக்கச் சொல்லியிருக்கேன்." அந்த விரலை நீட்டி மடக்கினார். "ஒயர் கியர் ஏதாவது கழண்டிருக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வழக்கமாக அந்த இடத்தில்தான் நிதானம் 'கிளி' என்பார்.

"ஒயர் இல்ல மாமா. அதுல சத்தம் கிடையாது. நான் இன்னும் வைக்கல."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

மாமனார் சுவரைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அதனாலதான் இத்தனை நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா?"

நிதானம் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகினார்.

"நான் பாசம்னு நினைச்சுட்டேன்" என்றார் மாமனார்.

நர்சுகளிடம் அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் ஆபீசில் சொல்லிச் சத்தத்தை வைக்க உத்தரவு வாங்கிவிடலாம், அப்புறம் இங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று மனது வழி காட்டியது. மனதும் கார்டு நறுக்கப் பழகியிருந்தது.

மறுநாள் காலை, நின்றபடி நடக்கும் கூட்டம். எம்.டி.யும் வந்திருந்தார். நிதானத்தின் முறை வந்தது.

"நேத்து என்ன செஞ்சீங்க சார்?" என்றார் கோச்.

"நேத்து என் மாமனாரைப் படுக்கையிலயே ஒண்ணுக்குப் போக வெச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். பொத்தான், பச்சை விளக்கு, மேஜைக்கு அடியில் டிங். சொல்லி முடித்ததும் கோச்சின் கண்கள் பளபளத்தன.

"என்ன ஒரு வெளிப்படைத்தன்மை! இதைத்தான் நான் முதல் நாள்லேர்ந்து எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்! ஸ்க்ரம் உள்ள இறங்கிடுச்சுங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?" மஞ்சள் கார்டு ஒன்றை உருவி, 'மாமனார்' என்று எழுதினார். "எல்லாரும் சீட்டை எடுங்க. இதுக்கு எத்தனை பாயிண்ட்?"

சீட்டுகள் உயர்ந்தன. மூன்று, ஐந்து, மூன்று. ஹெட்ஃபோன் மட்டும் சீட்டு எடுக்கவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

எம்.டி. கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். பெரியவர் நர்ஸ்கிட்ட என்ன சொன்னாராம்?"

"அமுக்க மறந்துட்டேன்னு சொன்னார்."

"அப்புறம் என்ன? பேஷண்டே மறந்துட்டேன்னு வாக்குமூலம் கொடுத்திருக்கார்! மணி மேல தப்பில்லன்னு ஆகிப்போச்சு. பாவம், வயசானவர். அடுத்த ஸ்பிரிண்ட்ல மறதிக்காரங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க."

"கேட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்த ஓனர், யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

மருமகனுடைய மானத்துக்காக ஒரு மனிதர் சுவரைப் பார்த்துச் சொன்ன பொய், ஒரே இரவில் கம்பெனியின் சாட்சியாகிவிட்டது. நிதானம் பலகைக்குப் போனார். 'முடிந்தது' கட்டத்திலிருந்த தன் கார்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். பொத்தான் அமுங்குவது, மேலே வருவது, விளக்கு எரிவது. எல்லாவற்றையும் 'செய்ய வேண்டியது' கட்டத்தில் ஒட்டினார்.

"சார்! கார்டு பின்னாடி போகக் கூடாது!" கோச் முதல் முறையாகப் பதறினார். "கிராஃப் என்ன ஆகும்?"

நிதானம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

தலைமை நர்ஸ் வார்டின் கோடியில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிதானம் விஷயத்தைச் சொன்னார்.

"சத்தம் இல்லையா? அன்னைக்கு நானே கேட்டேனே, சாதுவா?"

நிதானம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரல் அசைந்தது.

டிங்.

"இதுதான் அது."

தலைமை நர்ஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் மருந்துத் தட்டைக் கீழே வைத்தார். கட்டில்களைப் பார்த்தார். பொறுமைசாலிகள் என்று தாங்கள் மெச்சிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"பழைய மணிகளை ஸ்டோர்லேர்ந்து எடுத்து மாட்டச் சொல்றேன். அதுவரைக்கும் கூப்பிடணும்னா வாயால கூப்பிடணும்னு எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஒவ்வொரு கட்டிலா."

நிதானம் முதல் கட்டிலுக்குப் போனார். "இந்த மணி அடிக்காது. தேவைப்பட்டா வாயால கூப்பிடுங்க."

"நீங்க யாரு?"

"இதைச் செஞ்சவன்."

அடுத்த கட்டிலிலும் அதே கேள்வி, அதே பதில். எதிர்க்கட்டில்காரர் தன் விரலைத் தூக்கிக் காட்டினார், பலம் இல்லை என்று அதட்டு வாங்கிய விரலை. அவருடைய மனைவி, பெற்ற பிள்ளையைவிட மேல் என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் நிதானத்தின் குரல் ஒரு படி இறங்கியது. மாமனாரின் கட்டிலுக்கு வந்தபோது அது அவருக்கே கேட்கவில்லை. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் சுவர்ப் பக்கமிருந்து திரும்பிப் படுத்திருந்தார்.

"இந்த மணி..." என்று தொடங்கினார் நிதானம். உதடு மட்டும் அசைந்தது.

மாமனார் முழங்கையை ஊன்றி, வலியோடு தலையைக் கொஞ்சம் தூக்கினார். மைதானத்தில் வரிசை கலைந்து நின்றவனை அதட்டுகிற அதே குரல் வார்டு முழுக்க எழுந்தது.

"சத்தமா சொல்லுங்க மாப்ளே. கடைசிக் கட்டிலுக்குக் கேக்கல."